ஆவி வந்துச்சா?

கஸ்தூரியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது. பள்ளிக்கூடத்தில் அதைச் சட்டைக்குள் போட்டு மறைத்துக்கொள்வாள். ஓடினால் அது நெஞ்சில் டொக் டொக்கென்று இடிக்கும். ஆனால் அவள் ஓடுவதே இல்லை. ஓடிப் பிடித்து விளையாட யாராவது கூப்பிட்டால்தானே!

குடவாசலிலிருந்து மேனாம்பேட்டுக்கு அவர்கள் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்பா கலியமூர்த்திக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டும் வேலை. அம்மாவுக்குப் பாப்பா பிறக்கப்போகிறது. அதற்காக அம்மா ஊருக்குப் போய்விட்டாள். அரையாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டதால் கஸ்தூரி மட்டும் அப்பாவோடு இங்கேயே தங்கும்படி ஆயிற்று.

புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே ஒரு தப்பு நடந்துவிட்டது. உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "இஞ்ச வாயேன், இஞ்ச எடம் இருக்கு" என்று ஆசையாகக் கூப்பிட்டாள்.

குடவாசலில் 'இங்கே' என்பதை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வாத்தியார்கூட அப்படித்தான் சொல்வார். ஆனால் இங்கே?

"இன்னாது, இஞ்சியா? இஞ்சி மொரப்பாவா?" என்று கேட்டாள் பின்பெஞ்சிலிருந்த பார்வதம்.

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் கஸ்தூரி இல்லை, இஞ்சி.

இதில் மோசமான சங்கதி என்னவென்றால், அந்தப் பார்வதம் அவளுக்குப் பக்கத்து வீடு. அது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். நடுவில் இருக்கும் சுவர், ஓட்டுக் கூரை வரைக்கும் எழும்பவில்லை. மேலே ஒரு ஆள் புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி. அதனால் அந்த வீட்டுச் சத்தம் எல்லாம் இந்த வீட்டுக்கு வரும். பார்வதம் தன் தம்பி லோகுவைத் திட்டுவது, லோகு சட்டைப் பொத்தானைத் தொலைத்துவிட்டு அழுவது, தும்முவது, விக்குவது எல்லாம் கஸ்தூரிக்குத் தெரியும். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்தால், வீட்டுக்குள் காலையில் விட்டுப்போன அமைதி அப்படியே காத்திருக்கும். கஸ்தூரி பையை மாட்டிவிட்டு நேரே அடுப்படிக்குப் போவாள். அங்கே அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. குக்கர் கழுவுவது.

அது அம்மாவின் குக்கர். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சமையல் அப்பா பொறுப்பு. ஆனால் குக்கரைக் கழுவித் துடைத்துத் தயாராக வைப்பது கஸ்தூரி பொறுப்பு. ஊருக்குப் போவதற்கு முன்னால் அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்திருந்தாள்.

வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் கஸ்தூரி ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா பேசுவதையும் அவளே பேசினாள். தான் பேசுவதையும் அவளே பேசினாள்.

"ரப்பர் வளையத்தைக் கழட்டினியா?" என்று அம்மா குரலில் கேட்பாள்.

"கழட்டிட்டேம்மா."

"அதுக்கு அடியில சோத்துப் பருக்கை ஒளிஞ்சிருக்கும், பாரு."

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சும்மா. பிடிச்சிட்டேன்."

"வெயிட்டைக் குலுக்கிக் கழுவு. ம்... இப்போ மூடியைத் தூக்கி வெளிச்சத்துல காட்டு. குழாய்க்குள்ள வானம் தெரியுதா?"

கஸ்தூரி மூடியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆவி வரும் சின்னக் குழாய் வழியாகப் பார்ப்பாள். மிளகு அளவுக்கு வானம் தெரியும்.

"தெரியுதும்மா."

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். துடைத்த குக்கரைக் கவிழ்த்துவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள். வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியும். ஒவ்வொரு வீட்டிலும் குக்கர் விசில் அடிக்கும். அப்பாவின் சைக்கிள் மணி மட்டும் கேட்காது.

ஒருநாள் அப்பாவுக்கு ஓவர்டைம். வர நேரமாகும் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார். கஸ்தூரி குக்கரைக் கழுவி முடித்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. பார்வதத்தின் அம்மா கன்னியம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். அவளும் இருட்டிய பிறகுதான் வருவாள். பார்வதத்தின் அப்பா லாரி ஓட்டுபவர். எப்போதாவதுதான் கண்ணில் படுவார். அதனால் சாயங்காலச் சமையல் பார்வதம் கையில்.

அந்த வீட்டுக் குக்கரின் சத்தம் கஸ்தூரிக்கு நன்றாகப் பழக்கம். முதலில் பூனைக்குட்டி மாதிரி முனகும். பிறகு சீறும். அப்புறம் விசில் அடிக்கும். இன்றைக்கு முனகலும் இல்லை, சீறலும் இல்லை. கடைசிக் கணக்குக்கு விடை வந்துவிட்டது. ஸ்டவ் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

"இன்னாடா இது? எம்மாம் நேரமா வேவுது, ஒரு விசிலு கூட வர்ல?" என்று பார்வதம் சொல்வது கேட்டது.

கஸ்தூரி பென்சிலைக் கீழே வைத்தாள்.

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆவி கோடு மாதிரி நேராக மேலே வர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் வெயிட்டைப் போட வேண்டும். ஆவி வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. அப்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

எழுந்து சுவரைப் பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். பேசினால் பார்வதம் என்ன சொல்வாள் என்று தெரியும். நாளைக்கு வகுப்பு முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஸ்டவ் இரைந்தது. லோகு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடுப்படியில் விளையாடிக்கொண்டிருந்தான்.

கஸ்தூரி தலையை நிமிர்த்திச் சுவருக்கு மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஆவி வந்துச்சா?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அடுத்த நொடி லோகு அலறினான்.

"யக்கா! ஆவியாம்! பேய் பேசுதுக்கா! மேலேர்ந்து பேசுது!"

"டேய், சும்மா கெட. பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. பக்கத்து ஊட்டு இஞ்சி." பார்வதத்தின் குரல் உயர்ந்தது. "இன்னா வோணும் உனுக்கு?"

"குக்கர்லேந்து ஆவி வந்துச்சா? வெயிட்டு போடுறதுக்கு முன்னாடி பாத்தியா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? மூடும்போதே வெயிட்டயும் போட்ருவேன். எப்பவும் அப்பிடித்தான்."

"ஓரத்துலேந்தாவது புஸ்ஸுன்னு வருதா?"

"ஒண்ணும் வர்ல. கம்முனு கீது." கொஞ்சம் தயங்கினாள். "மூடி லேசா ஆடுற மாதிரி கீது."

கஸ்தூரி ஓடினாள். சாவி நெஞ்சில் இடிக்க, தன் வாசலைத் தாண்டிப் பக்கத்து வாசலுக்குள் புகுந்தாள். அங்கே பார்வதம் ஒரு கரண்டியை நீட்டி வெயிட்டைத் தூக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"தொடாத! அஞ்ச நிக்காத! இஞ்ச வா!"

யாரும் சிரிக்கவில்லை. பார்வதம் கரண்டியோடு பின்னால் நகர்ந்தாள்.

"ஸ்டவ்வை அணைச்சிடு" என்றாள் கஸ்தூரி. "ஆனா மூஞ்சியைக் கிட்ட கொண்டு போவாத. கீழ குனிஞ்சு கையை மட்டும் நீட்டு. எனக்கு உங்க ஸ்டவ்வு தெரியாது."

பார்வதம் தரையோடு தரையாகக் குனிந்து, கையை நீட்டிக் காற்றுத் திருகைத் திருகினாள். ஸ்டவ் பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த அமைதியில் குக்கர் 'டங்' என்று ஒரு சத்தம் போட்டது.

அவ்வளவுதான். பார்வதம் தம்பியை அப்படியே அள்ளிக்கொண்டாள். மூன்று பேரும் வாசலுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

"தண்ணிய ஊத்தி ஆற வெச்சிட்டா?" என்று கேட்டாள் பார்வதம்.

"வேணாம். இப்ப கிட்டயே போவக் கூடாது. தானா ஆறட்டும். மூடியில ஒரு ஓரமா சின்னக் குமிழ் மாதிரி ஒண்ணு இருக்கும்ல? ரொம்ப சூடானா அது உருகி ஆவியை வெளிய விட்டுடும்னு எங்கம்மா சொல்லும்."

"அதுவா? அது எப்பவோ பூடுச்சே. எங்க மாமா அந்த ஓட்டையில ஒரு போல்ட்டப் போட்டு டைட்டா முறுக்கி வுட்டுட்டாரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்வதம் லோகுவைக் கையைப் பிடித்துத் தெருவின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கஸ்தூரியும் போய் உட்கார்ந்தாள்.

எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்தவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் கஸ்தூரியின் அப்பாவும் இல்லை. பார்வதத்தின் அம்மாவும் இல்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் பார்வதம். "உங்கம்மா ஊர்ல தானே கீறாங்க? அப்ப நீ தெனம் சாயங்காலம் யாராண்ட பேசிகினு கீற?"

கஸ்தூரிக்குக் காது சூடாகிவிட்டது. சுவருக்கு மேலே இடைவெளி இருக்கிறது என்றால், அது இரண்டு பக்கத்துக்கும்தான் என்று அவள் யோசித்ததே இல்லை.

"யார்கிட்டேயும் இல்ல" என்றாள் மெதுவாக. "நானே எங்கம்மா மாதிரி பேசிக்குவேன்."

பார்வதம் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டாள். பார்வதம் சிரிக்கவில்லை.

"நான் மொதல்ல நெசமாவே உங்கம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "வானம் தெரியுதான்னு கேப்பாங்களே, அத்தக் கேக்குறதுக்குன்னே ஸ்டவ்வப் பத்த வெக்காம ஒக்காந்துகினு இருப்பேன். எங்கம்மா வரும்போது நான் தூங்கிடுவேன். காலையில நான் எயுந்திருக்கறதுக்குள்ள கெளம்பிடும். ஞாயித்துக்கெயம தான் எங்கம்மா குரலே கேக்கும்."

"லோகு இருக்கான்ல?"

"கீறான். ஆனா அவனாண்ட இன்னா பேசறது? பஸ்ஸு பத்தி மட்டும்தான் பேசுவான்."

"இப்ப ஒரு பஸ்ஸு போச்சு" என்றான் லோகு.

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்வதத்துக்கும் வந்தது.

"இஞ்சின்னு நான்தான் பேரு வெச்சேன்" என்றாள் பார்வதம், காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே. "சொன்னப்ப சிரிப்பா இருந்துச்சு."

"எனக்கு இல்ல."

"தெரியும். நீ அழுவறது செவுத்து மேல கேக்கும்." பிறகு, யாரையும் பார்க்காமல், "இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள்.

நன்றாக ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகு இருவரும் உள்ளே போனார்கள். கஸ்தூரி ஈரத் துணியால் குக்கரின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. கைப்பிடியை லேசாகத் தள்ளினாள்.

"முரண்டு பிடிச்சா திறக்கக் கூடாது" என்றாள். கைப்பிடி முரண்டு பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

உள்ளே அரிசியும் பருப்பும் பாதி வெந்து கிடந்தன. பார்வதம் மூடியைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் தெரியல. இருட்டா கீது."

"எப்படிக் கழுவுவே?"

"தண்ணியில ஒரு தபா காட்டுவேன். அவ்ளோதான்."

பருப்பு நுரை குழாய்க்குள் ஏறி, நாள்பட நாள்படக் காய்ந்து, கல் மாதிரி இறுகியிருந்தது. கஸ்தூரி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கழுவிக் குத்தினாள். குச்சி உடைந்தது. மூடியைத் தண்ணீரில் ஊற வைத்தார்கள். ரப்பர் வளையத்தை உரித்தெடுத்தபோது அதன் அடியில் பழைய பருக்கைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஐயே!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான் லோகு. "இதுலயா நம்ப சோறு துன்னோம்?"

"நீ வாய மூடு" என்றாள் அக்கா.

ஊறிய பிறகு இன்னொரு குச்சியால் திரும்பத் திரும்பக் குத்தினார்கள். கடைசியில் மஞ்சளாக ஒரு கட்டி டொப்பென்று விழுந்தது. பார்வதம் மூடியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"தெரியுது! எதிர் ஊட்டு ஆன்டனா தெரியுது! அதுல ஒரு காக்கா குந்திகினு கீது!"

லோகு பார்த்தான். கஸ்தூரியும் பார்த்தாள். காக்கா மூன்று பேருக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

"ஆனா அந்தப் போல்ட்டை எடுத்துட்டு சரியானதைப் போடுற வரைக்கும் இதை அடுப்புல ஏத்தக் கூடாது" என்றாள் கஸ்தூரி.

பார்வதத்தின் முகம் வாடிப்போனது. பாதி வெந்த சோற்றைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கிவிட்ட தெருவைப் பார்த்தாள். "அம்மா பசியோட வருமே" என்றாள்.

கஸ்தூரி தன் வீட்டுக்குப் போனாள். கவிழ்த்து வைத்திருந்த அம்மாவின் குக்கரைக் கையில் எடுத்தாள். அதை இதுவரை வேறு யார் கையிலும் அவள் கொடுத்ததில்லை. அம்மா முந்தானையால் துடைப்பது போல, தன் பாவாடை நுனியால் மூடியை ஒருமுறை துடைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

"இதுல மாத்திப் போடு. எங்கப்பாவுக்கும் சேத்து அரிசி போடலாமா?"

"உனுக்கும் சேத்து" என்றாள் பார்வதம்.

ஸ்டவ் மறுபடி இரைந்தது. பார்வதம் குக்கரை மூடிய கையோடு பழக்கதோஷத்தில் வெயிட்டை எடுத்தாள். கஸ்தூரி அவளைப் பார்த்தாள். பார்வதம் நாக்கைக் கடித்துக்கொண்டு வெயிட்டை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் கதவோரமாகத் தள்ளி உட்கார்ந்து, மூடியையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து மெல்லிசாக ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு வெள்ளையாக, நேராக, கோடு போட்ட மாதிரி எழும்பியது.

"ஆவி வந்துடுச்சி!" என்று லோகு எழுந்து குதித்தான். இப்போது அவனுக்குப் பயமே இல்லை.

கன்னியம்மாள் வேலையிலிருந்து வந்தபோது அவள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சூடாகச் சோறு இருந்தது. பார்வதம் விழித்திருந்தாள், நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். கன்னியம்மாள் நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கஸ்தூரியின் கன்னத்தையும் தொட்டாள். துணித்தூசி ஒட்டிய அந்தக் கை சொரசொரப்பாக இருந்தது. கஸ்தூரி அதை விலக்கவில்லை.

"எங்க என் தம்பி?" என்றாள் கன்னியம்மாள் கடைசியில். "வரட்டும். அந்தப் போல்ட்ட அவன் வாயில போட்டு முறுக்குறேன்."

அப்பா வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பதறிப்போய் "கஸ்தூரி! ஏம்மா கஸ்தூரி!" என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து "இஞ்ச இருக்கேம்ப்பா!" என்று வாயில் சோற்றோடு பதில் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக்கே கடையில் சரியான வால்வும் புது ரப்பரும் வாங்கி வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ "இஞ்சி" என்று ஆரம்பித்தார்கள். பார்வதம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா வர இன்னும் நாள் இருந்தது. ஆனால் சாயங்காலங்களில் இப்போது இரண்டு குக்கரையும் ஒரே இடத்தில் வைத்துக் கழுவினார்கள். கஸ்தூரி நாரால் தேய்த்தாள்; பார்வதம் அலசினாள். இரண்டு பேரும் விடாமல் பேசினார்கள். அம்மா குரலில் பேசுவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

ஒரே ஒரு தொல்லைதான். கழுவி வைத்த புது ரப்பர் வளையம் வைத்த இடத்தில் இருக்காது. லோகு அதை எடுத்துக்கொண்டு போய், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, ஸ்டீயரிங்காகப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருப்பான்.

"டேய், குட்றா அத்த. அடுப்பு பத்த வெக்கணும்" என்பாள் பார்வதம்.

"பஸ்ஸு இன்னும் ஆவடிக்கே போகல. நடுவுல எப்பிடி குடுக்கறது?" என்பான் லோகு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அன்றும் அப்படித்தான். கஸ்தூரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வளையத்தை வாங்கப் போனாள். லோகு பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினான்.

"எங்க போவணும்?" என்று கேட்டான்.

கஸ்தூரி யோசித்தாள். "எங்கேயும் போவ வேணாம். சும்மா ஒரு சுத்து வர்றேன்."

"அப்ப பின்னால குந்து. சீக்கிரம், லேட்டாவுது!"

கஸ்தூரி இன்னொரு வாளியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.